மலையகத்துப் பழைய கார்: காபரேட்டர் கோளாறை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்று மலையகத்தில் இன்னும் பழைய வண்டிகள் பல ஓடுகின்றன. இவற்றில் ஒன்று வழியில் நின்றுவிட்டால், கூடி நிற்பவர்கள் முதலில் சொல்வது "காபரேட்டர்தான்" என்பதே. காற்றோடு பெற்றோலைக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம் அது. உடனே பானட் திறக்கும், யாராவது ஒருவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கலவை ஸ்குரூவைத் திருப்பிவிடுவார். அதோடு ஒரு கோளாறு இரண்டு கோளாறாகிவிடும். முதலில் இருந்தது அப்படியே இருக்கும், இப்போது செட்டிங்கும் போயிருக்கும்.

அதனால் இந்த வழிமுறை முழுக்க ஒரே வரிசையில் போகிறது: முதலில் கரண்ட், அப்புறம் பெற்றோல், அப்புறம் காற்று. ஸ்குரூ கடைசி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இதில் அதிகம் பேசுவது எஸ்.யூ. காபரேட்டரைப் பற்றி. மொரிஸ் மைனரிலும் அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகள் பலவற்றிலும் இருப்பது அதுதான். பீட்டிலில் இருக்கும் சொலெக்ஸ் காபரேட்டருக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## கை வைப்பதற்கு முன்

வண்டியைத் திறந்த வெளியில், முடிந்தவரை சமதரையில் நிறுத்துங்கள். லயத்துப் பாதையிலோ வீட்டுச் சரிவிலோதான் இடம் என்றால் சில்லுக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். பெற்றோல் பைப்பைக் கழற்றும் வேலைக்கு முன் பற்றரியின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் சிகரெட், விளக்கு, அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஒரு வாளி மணலாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. காபரேட்டர் வாயில் பெற்றோலை ஊற்றிக்கொண்டே ஸ்டார்ட் அடிக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. எஞ்சின் ஒரு தடவை திருப்பி அடித்தால் தீ வெளியே வரும், ஊற்றுகிறவர் முகம் அதற்கு நேரே இருக்கும். எவ்வளவு அவசரம் என்றாலும் இதைச் செய்யாதீர்கள்.

கரண்டைச் சோதிப்பது எளிது. ஒரு பிளக்கைக் கழற்றி, வயரை மாட்டி, பிளக்கின் உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், அதிலிருந்து பெற்றோல் ஆவி வரும். நீல நிறத்தில், சத்தம் கேட்கிற பொறி வந்தால் சரி. மஞ்சளாக, மெலிந்து வந்தால் கோளாறு பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம். மொரிஸ் மைனருக்கு பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம் அளவில் இருக்க வேண்டும். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் இரவு முழுக்க வெளியில் நின்ற வண்டி என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். பனி வியர்த்திருக்கும். காய்ந்த துணியால் துடைத்தாலே பாதி "காபரேட்டர் கோளாறு" தீர்ந்துவிடும்.

## காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

நன்றாகச் சுற்றுகிறது, பொறி வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை. ஐந்தாறு தடவை முயன்றபின் சைலன்சர் வாயில் முகர்ந்து பாருங்கள்.

### பெற்றோல் வாசனையே இல்லை

பெற்றோல் உள்ளே போகவில்லை. மைனரில் சாவியைத் திருப்பியதும் முன்சுவரில் இருக்கும் மின்பம்ப் டிக் டிக் என்று அடித்து, காபரேட்டரின் பெற்றோல் கிண்ணம் நிறைந்ததும் ஓய வேண்டும். இந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாலே நிறையத் தெரியும்.

சத்தமே இல்லை என்றால் பம்ப் வேலை செய்யவில்லை. ஸ்குரூ டிரைவர் பிடியால் மெல்ல ஒரு தட்டுத் தட்டுங்கள். உயிர் வந்தால் அதன் பொயின்ட் கரி பிடித்திருக்கிறது. அன்றைக்கு ஓட்டலாம், ஆனால் அந்த வாரமே சுத்தம் செய்யுங்கள். தட்டியும் வராவிட்டால் வயர் முனைகளைச் சுரண்டிப் பாருங்கள், பம்பின் ஏர்த் வயரை மறக்க வேண்டாம்.

வேகமாக, ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பம்ப் காற்றை இழுக்கிறது. டேங்கில் பெற்றோல் இல்லை, அல்லது டேங்கிலிருந்து வரும் பைப்பில் எங்கோ ஓட்டை. டேங்கில் கொஞ்சம்தான் இருக்கிறது, வண்டியும் சரிவில் நிற்கிறது என்றால் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கி, இழுக்கும் பைப் வெறும் காற்றில் நிற்கும். நம் ஊர்ச் சரிவுகளில் இது சாதாரணம்.

அடித்து ஓய்கிறது, ஆனாலும் வாசனை இல்லை என்றால் கிண்ணம் நிறைந்திருக்கிறது, அதிலிருந்து பெற்றோல் வெளியேறும் துளையான ஜெட்தான் அடைபட்டிருக்கிறது. அல்லது குளிரில் ஸ்டார்ட் செய்யக் கலவையில் பெற்றோலைக் கூட்டும் சோக்கின் கேபிள் அறுந்திருக்கிறது. ஒருவரை சோக்கை இழுக்கச் சொல்லிவிட்டு காபரேட்டரின் அடியைப் பாருங்கள். எஸ்.யூ.வில் சோக் இழுக்கும்போது ஜெட் கீழே இறங்க வேண்டும். கேபிள் சோக் உள்ள சொலெக்ஸில் மேலே இருக்கும் தட்டு மூட வேண்டும்.

### பெற்றோல் வாசனை தூக்கலாக இருக்கிறது

பிளக் நனைந்துவிட்டது. சோக்கை முழுக்க உள்ளே தள்ளி, அக்சிலேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். பம்ப் பண்ணாதீர்கள். பிடிக்காவிட்டால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, கொஞ்ச நேரம் காயவிட்டு மாட்டுங்கள்.

அடிக்கடி இப்படி ஆகிறதென்றால், சோக்கை உள்ளே தள்ளினாலும் எஸ்.யூ.வின் ஜெட் மேலே திரும்புகிறதா என்று பாருங்கள். அழுக்குப் பிடித்துப் பாதியில் நின்றிருக்கும். விரலால் மேலே தள்ளிப் பாருங்கள், ஏறினால் அதுதான் கோளாறு. கேபிளுக்கும் ஜெட் தண்டுக்கும் சுத்தமும் ஒரு துளி எண்ணெயும் போதும், காசு செலவே இல்லை.

### பல மாதம் நின்ற வண்டி

2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் நிறுத்திய வண்டிகள் சில இன்னும் அப்படியே நிற்கின்றன. இவற்றுக்கு ஸ்டார்ட் அடிப்பதற்கு முன் டேங்கையும் கிண்ணத்தையும் காலி செய்யுங்கள். கிண்ணத்தில் இருந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நல்ல பெற்றோல் தெளிவாக இருக்கும். பழையது தேயிலைச் சாயம் போல் நிறம் மாறி, வார்னிஷ் வாசனை அடிக்கும். அடியில் குண்டு குண்டாக உருளுவது தண்ணீர். போத்தலைச் சாய்த்தால் அது பெற்றோலோடு கலக்காமல் தனியாக ஓடும். செம்மண் போல் படிவது டேங்கின் துரு.

தண்ணீர் மட்டும் என்றால் வடித்துவிட்டுப் புதுப் பெற்றோல் ஊற்றினால் போதும். மழைக்காலத்தில் டேங்க் மூடியின் ரப்பரையும் மாற்றுங்கள். துரு என்றால் காபரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் திரும்ப அடைபடும். டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அது கராஜ் வேலை. காலியான டேங்குக்குள் ஆவி நிற்கும், அதற்கு வீட்டில் வெல்டிங் வைப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

## பெற்றோல் வழிகிறது, வாசனை அடிக்கிறது

இதை நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாது. மைனரைப் போன்ற வண்டிகளில் காபரேட்டருக்கு நேர் கீழே, எஞ்சினின் புகை வெளியேறும் சூடான எக்சோஸ்ட் மனிஃபோல்ட் இருக்கிறது. எஞ்சினை நிறுத்துங்கள், சாவியை எடுங்கள், பானட்டைத் திறந்து காற்றாடவிடுங்கள்.

எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### கிண்ணத்தின் மேல் பைப்பிலிருந்து

கிண்ணம் நிறைந்ததும் அதில் மிதக்கும் ப்ளோட் ஓர் ஊசியைத் தள்ளிப் பெற்றோலை அடைக்கும். அந்த ஊசி மூடவில்லை. முதலில் கிண்ண மூடியில் ஸ்குரூ டிரைவர் பிடியால் இரண்டு தட்டு. ஊசியில் சிக்கிய தூசி விழுந்தால் நின்றுவிடும். நிற்காவிட்டால் மூடியைக் கழற்றி ஊசியை எடுத்துத் துடைத்து, அதன் கூம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வளையம் போல ஒரு தேய்மானம் நகத்தில் தட்டுப்பட்டால் ஊசியையும் அது உட்காரும் பகுதியையும் சேர்த்தே மாற்றுங்கள். ஊசியை மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் திரும்ப வழியும்.

ப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே பெற்றோல் சத்தம் கேட்டால் ஓட்டை. பித்தளை ப்ளோட் என்றால் வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. ஈயம் வைக்கலாம், ஆனால் உள்ளே பெற்றோல் மிச்சம் இருக்கும்போது சூடு காட்டுவது ஆபத்து. புது ப்ளோட் கிடைத்தால் அதையே போடுங்கள்.

இத்தனையும் சரி, இன்னும் வழிகிறது என்றால் யாராவது பிற்கால வண்டி ஒன்றின் மின்பம்பை மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய காபரேட்டருக்குத் தேவை மிகக் குறைந்த அழுத்தம். பலமான பம்ப் எந்த ஊசியையும் தள்ளித் திறந்துவிடும்.

### ஜெட்டின் அடியிலிருந்து

பழைய எச் வகை எஸ்.யூ.வில் ஜெட்டைச் சுற்றித் தக்கை வளையம் இருக்கும். வண்டி நீண்ட நாள் நின்றால் தக்கை காய்ந்து சுருங்கும். ஓட ஆரம்பித்துச் சில நாளில் ஊறிச் சரியாவதும் உண்டு, ஆனால் அதை நம்பி ஓட்ட வேண்டாம், வளையத்தை மாற்றுங்கள். எச்.எஸ். வகையில் கிண்ணத்திலிருந்து ஜெட்டுக்கு ஒரு நைலான் குழாய் வரும். கிண்ணத்தின் அடியில் அது நுழையும் இடத்து ரப்பர்தான் கசியும். புதிய ரப்பரைப் போட்டு அளவாக இறுக்குங்கள்.

### சரிவில் நிறுத்தினால் மட்டும்

சமதரையில் ஒரு சொட்டும் இல்லை, வீட்டு வாசல் ஏற்றத்தில் நிறுத்தினால் வாசனை என்றால், கிண்ணம் ஜெட்டை விட உயர்ந்து நிற்கிறது. எந்தப் பக்கம் கிண்ணம் இருக்கிறது என்று பார்த்து, அது தாழும்படி வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். அதிலேயே நின்றால் நல்லது. அப்படியும் வாசனை வந்தால் பெற்றோல் மட்டம் அதிகம். எச்.எஸ்.2 வகைக்கு மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசி மூடிய நிலையில் ப்ளோட் நெம்புகோலுக்கும் மூடி விளிம்புக்கும் இடையில் 1/8 அங்குலம், அதாவது 3 மி.மீ.க்குச் சற்று மேல், இடைவெளி இருக்க வேண்டும். ட்ரில் பிட் ஒன்றை நுழைத்துப் பார்க்கலாம்.

## ஏற்றத்தில் இழுவை இல்லை

மலையகத்தில் அதிகம் கேட்கும் குறை இது. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கம்பளை ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றர். மேலே காற்றழுத்தம் கடல் மட்டத்தை விடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் பலமும் ஏறக்குறைய அந்த அளவு குறையும். எந்தக் காபரேட்டர் வேலையும் அதைத் திருப்பித் தராது. கொழும்பில் மூன்றாம் கியரில் ஏறும் வண்டி றம்பொடைக்கு மேல் இரண்டாம் கியர் கேட்டால் அது கோளாறு அல்ல.

கோளாறு என்று சொல்வது வேறு இரண்டை. இரண்டையும் பிரித்து அறிவது முக்கியம், ஏனென்றால் வைத்தியம் நேர் எதிர்.

இழுவை குறையும்போது பாதுகாப்பான இடம் பார்த்து, கிளச்சை மிதித்து, அதே நொடியில் எஞ்சினை அணைத்து ஓரம் கட்டுங்கள். எஞ்சின் அணைந்திருந்தால் பிரேக் போஸ்டர் இருக்கும் வண்டியில் பிரேக் கனக்கும், வளைவில் இதைச் செய்யாதீர்கள். ஆறியதும் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஸ்லோவில், அதாவது அக்சிலேட்டரை மிதிக்காமல், ஓடவிட்டு அணைத்த பிளக் ஏற்றத்தின் கதையைச் சொல்லாது.

### பிளக் வெள்ளையாக, எஞ்சின் உதறி உதறி ஓய்கிறது

பெற்றோல் போதவில்லை. சமதரையில் நன்றாக ஓடி, கினிகத்தேனை ஏற்றம் போன்ற நீண்ட ஏற்றத்தில் மட்டும் உதறி, கொஞ்சம் நிறுத்தினால் திரும்ப ஓடும் வண்டி இது. மலிவானதிலிருந்து போங்கள்.

டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் துளை அடைபட்டிருக்கிறது. ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள். பலர் காபரேட்டரையே மாற்றிய பிறகு கண்டுபிடிக்கும் கோளாறு இதுதான்.

அடுத்தது பில்டர்கள். எஸ்.யூ. பம்பின் அடியில் ஒரு சல்லடை உண்டு, சில காபரேட்டர்களில் பைப் நுழையும் இடத்திலும் உண்டு. இரண்டையும் கழுவுங்கள். இடையில் பிளாஸ்ரிக் பில்டர் போட்டிருந்தால் மாற்றுங்கள்.

அப்புறம் பெற்றோல் ஓட்டம். கொயிலின் வயரைக் கழற்றி, காபரேட்டருக்கு வரும் பைப்பை ஒரு போத்தலுக்குள் விட்டு, சாவியைத் திருப்புங்கள். மைனரின் பம்ப் ஒரு நிமிடத்தில் அரை லீற்றர் அளவு தர வேண்டும், குமிழி இல்லாமல். குமிழி வந்தால் டேங்குக்கும் பம்புக்கும் இடையில் காற்று நுழைகிறது. பழைய ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள், வெடிப்புத் தெரியும். வெளியே நன்றாக இருந்து உள்சுவர் பெயர்ந்து அடைப்பதும் உண்டு, சந்தேகம் என்றால் புதிதாகவே போடுங்கள்.

ஓட்டம் சரி, இன்னும் உதறுகிறது என்றால்தான் ஜெட்டும் பிஸ்டனும். எயார் கிளீனரைக் கழற்றி, எஸ்.யூ.வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை விரலால் முழுக்க உயர்த்தி விடுங்கள். டொக் என்று மெல்லிய சத்தத்தோடு அடியில் போய் உட்கார வேண்டும். பாதியில் தயங்கினால் மேல் குடுவையைக் கழற்றிக் குடுவையின் உள்பக்கத்தையும் பிஸ்டனையும் பெற்றோலால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அந்த இடைவெளி நுட்பமாக அமைத்தது, உரசினால் குடுவை போய்விடும். கழற்றுவதற்கு முன் குடுவைக்கும் உடம்புக்கும் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், திரும்ப அதே நிலையில் உட்கார வேண்டும்.

### பிளக் கறுப்பு, சைலன்சரில் கரும்புகை

பெற்றோல் கூட. கொழும்பில் அல்லது கண்டியில் செட் பண்ணிய வண்டியை மேலே கொண்டு வந்தால் இப்படித்தான் இருக்கும். காற்று மெலிந்துவிட்டது, பெற்றோல் அதே அளவு வருகிறது. ஆனால் ஸ்குரூவுக்கு முன் எயார் கிளீனரைப் பாருங்கள். தோட்டத்து மண்பாதையில் ஓடும் வண்டிக்கு அது சீக்கிரம் அடைபடும். சோக் முழுக்கத் திரும்புகிறதா, ப்ளோட் மட்டம் சரியா என்பதையும் முடித்துவிடுங்கள்.

இவை எல்லாம் சரியென்றால் இப்போது கலவை. எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். எஸ்.யூ.வின் பக்கத்தில் உள்ள, பிஸ்டனைத் தூக்கும் சிறு கம்பியைக் கொண்டு பிஸ்டனை மிகக் கொஞ்சம், 1 மி.மீ.க்கும் குறைவாக, உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் ஒரு கணம் லேசாக ஏறி உடனே பழையபடி ஆனால் சரி. ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. இறங்கினால் அல்லது அணைந்தால் பெற்றோல் குறைவு.

ஜெட்டின் அடியிலுள்ள அறுகோண நட்டை மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு ஒரு பக்கம் மட்டும், அதாவது ஆறில் ஒரு சுற்று. திருப்பியபின் அக்சிலேட்டரை ஒரு தடவை கொடுத்துவிட்டுச் சோதியுங்கள். எத்தனை பக்கம் திருப்பினீர்கள் என்று பானட்டின் உள்பக்கம் சோக்கட்டியால் எழுதி வையுங்கள்.

அது எதற்கு? இறங்கும்போது திருப்பி வைக்க. நுவரெலியாவுக்குச் சரியாக வைத்த வண்டியை அப்படியே கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ வேகமாக ஓட்டினால் பெற்றோல் குறைந்து எஞ்சின் சூடேறும், வால்வு எரியும். மேலேயும் கீழேயும் அடிக்கடி போய்வருகிறவர் நடுவில் ஓர் அளவுக்கு, சற்றுப் பெற்றோல் கூடிய பக்கமாக, வைப்பது நல்லது. கொஞ்சம் புகையும் கொஞ்சம் செலவும் வரும், எஞ்சின் பிழைக்கும்.

நட்டை மேலே முட்டும்வரை ஏற்றியும் கரும்புகை போகவில்லை என்றால் பிஸ்டனின் அடியில் ஜெட்டுக்குள் இறங்கும் ஊசியும் ஜெட்டும் தேய்ந்திருக்கின்றன, அல்லது வேறு வண்டிக்குரிய ஊசி போட்டிருக்கிறார்கள். அங்கே நிறுத்திவிட்டு எஸ்.யூ. தெரிந்த மெக்கானிக் பாஸிடம் போங்கள். ஊசி எண் பார்த்துப் போடுவதும், ஜெட்டை நடுவில் நிறுத்துவதும் பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

## பனிமூட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓய்கிறது

நானுஓயா, ஹக்கலை, பட்டிப்பொலைப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும், பெயர்தான் தெரியாது. காலையில் மூட்டத்துக்குள் கொஞ்சத் தூரம் நன்றாக ஓடும். அப்புறம் இழுவை குறைந்து, ஸ்லோவில் நிற்க மறுத்து அணைந்துவிடும். பானட்டைத் திறந்து பிளக், பம்ப் எல்லாம் பார்ப்பீர்கள், எல்லாம் சரி. பத்து நிமிடத்தில் தானாகவே ஸ்டார்ட் ஆகும்.

காபரேட்டருக்குள் ஐஸ் பிடித்திருந்தது. பெற்றோல் ஆவியாகும்போது உலோகம் கடுமையாகக் குளிரும். வெளியே 10, 15 பாகை இருந்தாலும் ஈரக் காற்றிலுள்ள நீர் உள்ளே உறைந்துவிடும். நின்றதும் எஞ்சின் சூட்டில் உருகிவிடும், தடயமே இருக்காது. ஓய்ந்த உடனே காபரேட்டரின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத குளிரும், மேலே வியர்வையும் இருந்தால் அதுதான். எயார் கிளீனரைச் சட்டென்று கழற்ற முடிந்தால் உள்ளே வெண்படலம் தெரியும்.

செலவில்லாத வழி: சில வண்டிகளில் எயார் கிளீனரின் மூக்கை எக்சோஸ்ட் பக்கம் திருப்பி வைக்கலாம், குளிர்காலத்துக்கென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை அப்படி வையுங்கள். கீழே வெயிலுக்கு இறங்கும்போது திரும்ப மாற்றுங்கள்.

பீட்டிலில் சூடான காற்றுக் கொண்டுவரும் ஹோஸ் ஒன்று எயார் கிளீனருக்கு வரும். பழைய வண்டிகளில் அது காணாமலே போயிருக்கும், வாங்கி மாட்டுங்கள். இன்னொன்று, கலவை எஞ்சினுக்குப் போகும் இன்டேக் மனிஃபோல்டின் அடியில் சூட்டுக் குழாய் ஒன்று எக்சோஸ்டிலிருந்து ஓடுகிறது. அது கரியால் அடைபட்டிருந்தால் எஞ்சின் சூடாகிய பின்னும் மனிஃபோல்ட் சில்லென்று இருக்கும். தொட்டாலே தெரியும். அடைப்பை எடுக்க மனிஃபோல்டைக் கழற்ற வேண்டும், அதைக் கராஜில் கொடுங்கள்.

## சூடான பின் நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை

மதிய வெயிலில் கடுகண்ணாவை ஏறி, மேலே ஒரு பிளேன்டீ குடிக்க நிறுத்தி, திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. எஞ்சின் நின்றதும் காற்றோட்டம் இல்லாமல் சூடு மேலே ஏறிப் பைப்பில் இருக்கும் பெற்றோல் ஆவியாகிவிடுகிறது. உயரம் கூடக் கூட இது சீக்கிரம் நடக்கும்.

பம்ப் வேகமாக அடித்து ஓயாவிட்டால் பைப்பில் ஆவி. பானட்டைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். அவசரம் என்றால் நனைத்த துணியைப் பெற்றோல் பைப்பில் சுற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரிலும் சூடான எக்சோஸ்டிலும் தண்ணீர் படக் கூடாது.

பம்ப் ஓய்ந்துவிட்டது, பெற்றோல் வாசனையும் அடிக்கிறது என்றால் கிண்ணத்தில் கொதித்தது எஞ்சினுக்குள் வழிந்திருக்கிறது. அக்சிலேட்டரை முழுக்க மிதித்துச் சுற்றுங்கள், சோக் வேண்டாம்.

அடிக்கடி வந்தால் பெற்றோல் பைப் எக்சோஸ்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது என்று பாருங்கள், விலக்கிக் கட்டலாம். காபரேட்டருக்கும் இன்டேக் மனிஃபோல்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய தடித்த சூட்டுத் தடையையும் பாருங்கள். கேஸ்கட் மாற்றிய யாரோ அதைத் திரும்பப் போடாமல் விட்டிருக்கலாம். எல்லாம் சரி, ஆனால் எஞ்சினே வழமைக்கு மேல் சூடாகிறதென்றால் அது ரேடியேட்டர், டைமிங் பிரச்சினை, காபரேட்டரை விட்டுவிடுங்கள்.

## ஸ்லோவில் நிற்கவில்லை, ஏறி இறங்குகிறது

பெரும்பாலும் எங்கோ காற்றை இழுக்கிறது. காபரேட்டர் மனிஃபோல்டில் சேரும் இடத்திலும், மனிஃபோல்ட் எஞ்சினில் சேரும் இடத்திலும் பிரஷால் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கே கசிவு. ஸ்பிரே அடித்துப் பார்ப்பார்கள், கீழே சூடான எக்சோஸ்ட் இருக்கும் வண்டியில் அது வேண்டாம். நட்டுகளை மாற்றி மாற்றி அளவாக இறுக்குங்கள், நிற்காவிட்டால் கேஸ்கட். ஒரே பக்கம் இறுக்கினால் முகப்பு வளைந்துவிடும், வளைந்ததை லேத்தில் சமப்படுத்த வேண்டி வரும்.

அடுத்தது த்ரொட்டில் தண்டு, அதாவது அக்சிலேட்டரை மிதிக்கும்போது காபரேட்டருக்குள் திறக்கும் தட்டின் தண்டு. விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெளிவாகத் தெரிந்தால் அதன் வழியே காற்றுப் போகிறது, எந்த ஸ்குரூவாலும் ஸ்லோ நிலைக்காது. புஷ் போட்டுத் துளையைச் சரி செய்வது பட்டறை வேலை. இதை வீட்டில் முயல வேண்டாம்.

சொலெக்ஸில் ஸ்லோ ஜெட் அடைபடுவதுதான் வழக்கம். கழற்றி ஊதுங்கள், கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். பின்னால் வந்த பீட்டில்களில் ஜெட்டோடு சேர்ந்த சின்ன மின்வால்வு உண்டு. சாவியைத் திருப்பும்போது அதிலிருந்து க்ளிக் என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் வயரைப் பாருங்கள். கலவை ஸ்குரூவை உள்ளே திருப்பும்போது முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் அதன் முனை நசுங்கும்.

## அக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்குகிறது

எஸ்.யூ.வின் மேல் குடுவையில் எண்ணெய் இல்லை. மேலேயுள்ள மூடியைத் திருகி எடுங்கள், அதோடு ஒரு தண்டு வரும். திரும்பச் செருகும்போது மூடி இழை பிடிக்க ஏறத்தாழ 6 மி.மீ. இருக்கையிலேயே கைக்குத் தடை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் 20 தர எண்ணெய் ஊற்றுங்கள். கியர் எண்ணெய் ஊற்றாதீர்கள், குளிரில் கட்டியாகிப் பிஸ்டன் ஏறவே நேரமெடுக்கும். ஊற்றிய சில நாளில் எண்ணெய் காணாமல் போனால் பிஸ்டனின் உள்தண்டு கசிகிறது.

சொலெக்ஸில் இதே குறைக்கு வேறு காரணம். எயார் கிளீனரைக் கழற்றி, எஞ்சின் அணைந்திருக்கும்போது த்ரொட்டிலைக் கையால் திறந்து உள்ளே பாருங்கள். மெல்லிய பெற்றோல் தாரை பாய வேண்டும். பாயாவிட்டால் பம்ப் டயாபிரம் கிழிந்திருக்கும். நாலு ஸ்குரூவைக் கழற்றி வீட்டிலேயே மாற்றலாம்.

## அக்சிலேட்டரை விட்டாலும் வேகம் குறையவில்லை

இந்த அறிகுறி இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் வளைவுகளில் இது உயிர் போகும் விஷயம். ஓடும்போது நடந்தால் சாவியை ஒரு படி மட்டும் திருப்பி எஞ்சினை அணைத்து, கியரிலேயே வைத்துப் பிரேக் பிடியுங்கள். சாவியை வெளியே உருவ வேண்டாம், ஸ்டியரிங் பூட்டு இருக்கும் வண்டியில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

எஞ்சின் நின்றபின் காபரேட்டரில் கேபிளைக் கழற்றித் த்ரொட்டிலைக் கையால் திறந்து விடுங்கள். சட்டென்று மூடினால் கோளாறு கேபிளில் அல்லது பெடலில். கேபிளின் உறைக்குள் நூல் பிரிந்திருந்தால் எண்ணெய் விடுவதோடு நிற்காதீர்கள், புதியதே போடுங்கள். பெடலுக்கு அடியில் கார்ப்பெட் மடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கையால் விட்டும் மூடாவிட்டால் இழுக்கும் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது, அல்லது த்ரொட்டில் தட்டு உள்ளே உரசுகிறது. ஸ்பிரிங் மலிவு, ஒன்றுக்கு இரண்டாகவே மாட்டுங்கள். தட்டு உரசினால் அதைப் பிடிக்கும் சின்ன ஸ்குரூக்கள் தளர்ந்திருக்கும். அவை கழன்றால் நேராக எஞ்சினுக்குள் போகும். காபரேட்டரைக் கழற்றிப் பாஸிடம் கொடுங்கள், வண்டி வீட்டிலேயே நிற்கட்டும்.